அறையின் சாவி யாரிடம்?

கள்ளக்குறிச்சியில் டிசம்பர் சீசன் கிடையாது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019இல் தனி மாவட்டமாகிவிட்ட பிறகும் இங்கே இசை என்பது கோயில் வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் கூத்துக் களரியிலும் சாவு வீட்டிலும்தான் நடக்கிறது. இவற்றுக்கு வெளியே 'கேட்பதற்காக மட்டுமே கேட்பது' என்ற ஒன்றுக்கு இடம் வேண்டும் என்று நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு கடையின் மாடியில் அறை எடுத்தோம். பாய் விரித்தால் முப்பது பேர் உட்காரலாம். மைக் இல்லை. வயலின், வீணை வாசிக்கிறவர்கள் கிடைத்த மாதம் கச்சேரி. கிடைக்காத மாதம் ஒலிப்பதிவுகள். ஜாஸ் எங்களுக்குப் பழக்கமானது அப்படித்தான்.

ஒருநாள் 'சக்தி' குழுவின் முதல் பதிவைப் போட்டிருந்தோம். 1975இல் நியூயார்க்கை அடுத்த சௌதாம்ப்டன் கல்லூரியில் நேரடியாகப் பதிவானது. ஜான் மெக்லாஃப்ளினின் கிதார், எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம், ராம்நாடு ராகவனின் மிருதங்கம். கல்வராயன் மலை அடிவாரத்துச் சேரியிலிருந்து வந்திருந்த பறைக் கலைஞர் ஒருவர் சுவரோரமாக உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். முடிந்ததும் கேட்டார்: "அது பானை தானே தம்பி? அது மட்டும் எப்படி மேடையேறுச்சு?"

அடுத்த மாதம் அவருடைய குழுவே வாசிப்பதென முடிவாயிற்று. விஷயம் தெரிந்ததும் கட்டடக்காரர் மேலே வந்தார். "வீணை வையுங்க, வெள்ளைக்காரன் பாட்டு வையுங்க, நான் ஒண்ணும் சொல்லல. அந்த மேளம் மட்டும் வேணாம். நல்லது கெட்டது பாக்குற எடம்."

இந்தக் கட்டுரை அந்தக் கலைஞரின் கேள்விக்கும் கட்டடக்காரரின் பதிலுக்கும் நடுவில் நின்று எழுதப்படுவது. சிறிய அறை, நெருக்கம், ரசனை, மௌனம் என்று ஒரு சொல்லாடல் நம்மிடம் புழங்குகிறது. பெரிய சபாக்களும் ஒலிபெருக்கியும் கெடுத்துவிட்ட 'தூய' கேட்பனுபவத்தைச் சின்ன அறை மீட்டுத் தரும் என்பது அதன் சாரம். நானும் நம்பியவன்தான். ஆனால் அறைக்கு வரலாறு உண்டு; கதவும் உண்டு.

வீணை தனம்மாளின் (1867-1938) அறையிலிருந்து தொடங்கலாம். சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த அவரது வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிப்பார். ரசிகர்களும் வித்வான்களும் தேடி வந்து உட்கார்ந்து கேட்பார்கள். வீணையின் ஒலி சிறியது. மௌனம் அங்கே நாகரிகம் அல்ல, தேவை. இன்று கர்நாடக சங்கீதத்தின் 'உன்னதம்' என்று பேசப்படுகிற பலவும், குறிப்பாகப் பதங்களும் ஜாவளிகளும், அந்த வீட்டின் வழியாக வந்தவை. வீட்டுக்குச் சொந்தக்காரி தேவதாசி மரபில் வந்த பெண். கடைசிக் காலத்தில் பார்வையும் போய், வறுமையிலும் இருந்தவர். யார் உள்ளே வரலாம், எப்போது வாசிக்கலாம் என்பதை அவரே தீர்மானித்தார் என்பதுதான் அந்த அறையின் அரசியல்.

1928இல் மியூசிக் அகாதெமி வந்தது. சபாக்கள் பெருகின. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. இதைச் சொல்லும்போது கவனமாக இருக்க வேண்டும். அந்த முறை பெண்களை என்ன செய்தது என்பதை அதற்குள்ளிருந்தே வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் நாவலாகவே எழுதிவிட்டார். சட்டம் வேண்டியிருந்தது. என் கேள்வி வேறு: பாட்டை எடுத்துக்கொண்ட சபா, பாட்டுக்காரியின் வீட்டை என்ன செய்தது? பதங்கள் மேடைக்குப் போயின. எம்.எஸ். சுப்புலட்சுமி தனம்மாளின் பேத்தி பிருந்தாவிடம் பதம் கற்றார். இன்னொரு பேத்தியான பாலசரஸ்வதிக்கு 1973இலும் பிருந்தாவுக்கு 1976இலும் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. கௌரவம் வந்தது, சாவி கைமாறிவிட்டது.

அந்த வீட்டின் ஒரு பகுதி கடல் கடந்தது என்பதும் இந்த வரலாற்றில் சேரும். பேரன்கள் ரங்கநாதனும் (மிருதங்கம்) விஸ்வநாதனும் (குழல்) அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களானார்கள். விஸ்வநாதனிடம் கற்ற ஜான் ஹிக்கின்ஸ் 1965இல் திருவையாறு ஆராதனையில் பாடினார். மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் பதிவுகளில் வாசித்திருந்த மெக்லாஃப்ளின் அதே வெஸ்லியனில்தான் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார்; சங்கரும் ராகவனும் அங்கே இருந்தவர்கள். ஆகவே 'சக்தி' என்பது வானத்திலிருந்து குதித்த 'கிழக்கு-மேற்குச் சங்கமம்' அல்ல. ஜார்ஜ் டவுன் அறையின் வாரிசுகள் நடந்துபோன அதே பாதையில் நேர்ந்த சந்திப்பு.

ஜாஸின் பக்கமும் அறைகளின் கதைதான். 1927 முதல் டியூக் எலிங்டன் வாசித்த ஹார்லெமின் காட்டன் கிளப்பில் மேடையில் கறுப்பர்கள், மேசைகளில் வெள்ளையர்கள் மட்டும். 1938இல் பார்னி ஜோசஃப்சன் நியூயார்க்கில் தொடங்கிய கஃபே சொசைட்டி என்ற சின்ன இடத்தில் இரு நிறத்தவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அங்கே 1939இல் பில்லி ஹாலிடே, அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிடப்பட்ட கறுப்பர்களைப் பற்றிய 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாடலைப் பாடும்போது பரிமாறுவது நிறுத்தப்படும், விளக்குகள் அணையும், அவர் முகத்தில் மட்டும் வெளிச்சம். தனம்மாள் வீட்டு மௌனம் ராகத்துக்கானது. இந்த மௌனம் பிணத்துக்கானது. இரண்டையும் 'ரசனை' என்ற ஒரே சொல்லில் அடைக்க முடியுமா?

1958இல் டேவ் ப்ரூபெக்கின் ஜாஸ் குழுவை அமெரிக்க வெளியுறவுத் துறை இந்தியாவுக்கு அனுப்பியது. சென்னையில் அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ, மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தார். பிள்ளை இடக்கைக்காரர், அந்த ஒரே காரணத்துக்காக மேடையில் உட்காரும் இடம் பற்றியே தகராறுகளைச் சந்தித்தவர். ப்ரூபெக் குழுவின் பாஸ் கலைஞர் யூஜின் ரைட் கறுப்பர். அவரை உலகமெங்கும் ஜனநாயகத்தின் தூதராக அனுப்பிய அதே நாட்டில், 1960இல் தென்மாநிலக் கல்லூரிகள் ரைட்டுக்குப் பதில் ஒரு வெள்ளையரை அழைத்துவரச் சொல்லின. ப்ரூபெக் மறுத்தார். அந்தச் சுற்றின் பெரும்பாலான கச்சேரிகள் ரத்தாயின.

இதைப் படித்து நாம் உச்சுக்கொட்டலாம், தூரத்து அநியாயம் என்பதால். பக்கத்தில் வருவோம். மிருதங்கத்துக்கு மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் வேண்டும். அதைப் பதப்படுத்தி, வார் பிடித்து, சுருதி கூட்டித் தருகிறவர்கள் பெரும்பாலும் தலித்துகள், தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வந்தது. வெளியீட்டு விழாவுக்கு இடம் தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்திரா பிறகு அனுமதியை விலக்கிக்கொண்டது; விழா வேறிடத்தில் நடந்தது. தோல் உள்ளே போகலாம். தோலைப் பற்றிய பேச்சு போகக் கூடாது. எங்கள் கட்டடக்காரர் சொன்னதும் இதேதானே?

இப்போது பானைக்கு வரலாம். கடம் மேடையேறியது உண்மை. ஆனால் இரண்டாம் வரிசையில், உபபக்கவாத்தியம் என்ற பெயரில். அதை வனைகிற மானாமதுரைக் குயவர் அந்த இரண்டாம் வரிசைக்கும் பின்னால், கீழே. பானை மேடையேற முடிந்தது வாசித்த கை எது என்பதாலும்தான். பறையிடம் இந்தச் சலுகை செல்லாது. அதை வாசிக்கிறவரிடமிருந்து பிரித்தெடுக்கும் வித்தையைச் சாதி இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

கட்டடக்காரரின் பதிலைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அந்தக் கலைஞர் சிரித்தார். "எனக்குத் தெரியும் தம்பி. அது கெடக்கட்டும், உங்க ரூம்ல எங்க தீ மூட்டுறது?" பறையை அனலில் காட்டி முறுக்கேற்றாமல் அடிக்க முடியாது. முப்பது பேர் உட்காரக் கணக்குப் போட்ட நாங்கள் ஒரு பிடி வைக்கோலுக்கு இடம் யோசிக்கவே இல்லை. கட்டடக்காரர் தடுப்பதற்கு முன்பே எங்கள் திட்டம் அவரைத் தடுத்திருந்தது.

நிகழ்ச்சி அவருடைய ஊர்க் களத்தில் நடந்தது. 1976 வரை ஜாகீர்களாக இருந்த மலை பின்னால் இருட்டாக நின்றது. இந்தப் பக்கத்தில் நிலம் என்பது எப்போதும் யாருக்கோ 'சொந்தமாகவே' இருந்திருக்கிறது. எங்கள் முப்பது பேரில் பதினோரு பேர்தான் வந்தார்கள். மாடியறைப் பழக்கத்தில் கைகட்டி மௌனமாக உட்கார்ந்திருந்தோம். அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் வேகம் பிடித்த நேரத்தில் அவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏன் எழவு வீட்டுக்கு வந்தவங்க மாதிரி குந்தியிருக்கீங்க? எழவு வீட்டுலகூட ஆடுவாங்களே!" எழுந்தோம். சிலருக்குக் கால் வரவில்லை.

மாடியறையைக் காலி செய்துவிட்டோம். வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். இருபது பேர் உட்கார்ந்தாலும் போதும். வீணையும் கேட்க வேண்டும், ஜாஸும் கேட்க வேண்டும். வாடகை பேசுமுன் கேட்கிற முதல் கேள்வி மட்டும் மாறியிருக்கிறது: இங்கே தீ மூட்டலாமா?