காப்பாற்ற வந்தவர் மேல் கல்



எங்கள் தென்காசிப் பக்கம் சீசன் வந்துவிட்டால், குற்றாலம் ரோட்டில் ஒரு ஆம்புலன்ஸ் போய்ச் சேருவதே பெரும்பாடு. தண்ணீர் அதிகமாகி, "குளிக்கக் கூடாது" என்று தடுத்தால், தடுத்தவரோடு மல்லுக்கு நிற்கிற ஆட்களும் உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருவன் இறந்துபோனான். அன்றைக்குத் தேடப் போனது தீயணைப்பு வீரர்கள்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உயிர் காக்க வருகிறவரை அடிக்கிற பழக்கத்துக்கு நம் மாநிலத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. அதன் பின்னாலேயே சட்டமும் ஓடி வந்திருக்கிறது.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. அதே வருஷம்தான் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிரான மாநிலச் சட்டமும் வந்தது. டாக்டர், நர்ஸ், ஆஸ்பத்திரி ஊழியரைத் தாக்கினால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 10 வருஷம் சிறை. தீயணைப்பு வீரருக்கு உதவுவது, அரசு ஊழியர் எல்லாருக்கும் பொதுவான பழைய பிரிவு 353. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 132. அதில் அதிகபட்சமே 2 வருஷம்தான். (காயம் ஏற்படுத்தினால் வேறு பிரிவு, தண்டனை கூடும்.) இரண்டு பேரும் செய்வது ஒரே வேலை, சட்டம் மட்டும் இரண்டு தராசு வைத்திருக்கிறது!

அடுத்து 2020. ஏப்ரல் 1 அன்று இந்தூரில் கொரோனா சோதனைக்குப் போன சுகாதாரப் பணியாளர்கள் மேல் கல் விழுந்தது. ஏப்ரல் 19 இரவு சென்னையில் நடந்தது அதைவிடக் கொடுமை. கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல், வேலங்காட்டில் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியது. கண்ணாடி நொறுங்கியது, ஊழியர்கள் காயப்பட்டார்கள். கடைசியில் சக மருத்துவர் ஒருவரே ஆம்புலன்ஸை ஓட்டிப் போய், ராத்திரியோடு ராத்திரியாக அவரை அடக்கம் செய்தார்.

மூன்றே நாளில், ஏப்ரல் 22 அன்று, 1897-ஆம் வருஷத்துக் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டது. படுகாயம் ஏற்படுத்தினால் 7 வருஷம் வரை சிறை. சொத்தைச் சேதப்படுத்தினால் சந்தை மதிப்பைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும். (காமர்ஸ் மாணவனுக்குப் பிடித்த பிரிவு இதுதான்!) ஏப்ரல் 26 அன்று தமிழக அரசும், அடக்கத்தைத் தடுத்தால் 1 முதல் 3 வருஷம் வரை சிறை என்றது.

யோசித்துப் பாருங்கள். 10 வருஷ தண்டனைச் சட்டம் கையில் வந்து அப்போதே 12 வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் கல் விழுந்தது. காரணம், பிணத்திலிருந்து தெருவுக்கே நோய் பரவும் என்ற வதந்தி. முறைப்படி புதைத்தால் பரவாது என்று அந்தத் தெருவுக்கு முன்கூட்டியே யாராவது புரியும்படி சொல்லியிருந்தால் அந்தக் கூட்டம் கூடியிருக்குமா?

2025 ஆகஸ்டில் துறையூரில் ஒரு அரசியல் கூட்டத்துக்குள் வந்த 108 ஆம்புலன்ஸ் தாக்கப்பட்டதாக வழக்குப் பதிவானது. அங்கே நோய்ப் பயம் இல்லை, சந்தேகம்தான். ஆக, பயமும் சந்தேகமும் சட்டத்தை முந்திக்கொண்டு ஓடுகின்றன.

தண்டனை, அடி விழுந்த பிறகு வருவது. அடி விழாமல் இருக்க, விவரம் முதலில் வர வேண்டும். குற்றாலத்தில் "குளிக்கக் கூடாது" என்று பலகை வைப்பதோடு, ஏன் கூடாது என்றும் இரண்டு வரி எழுதி வைக்கலாமே. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?