வெட்டுகோட்டின் வரலாறு

வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதற்கு வண்ணத்தாளில் எழுத்து வெட்டிய பழக்கம் தமிழாசிரியர் பலர்க்கும் உண்டு. பென்சிலால் வரைந்துகொண்டு, கத்தரிக்கோலால் வளைவு வளைவாகச் சுற்றிவந்து, ணகரத்தின் சுழிகளுக்குள் விரல் நோவ நிற்பது எளிய வேலையன்று. அவ்வேலையை மேசைமேல் வைக்கத்தக்க சிறு பொறியொன்று இக்காலத்தில் செய்து முடிக்கின்றது. க்ரிக்கட், சில்லவெட், பிரதர் ஸ்கேன்-என்-கட் முதலிய பெயர்களில் அதனை விற்கின்றனர். கணினியிலிருந்து கோப்பொன்றை அனுப்பினால், பசையுள்ள விரிப்பில் ஒட்டிய தாளைப் பொறி முன்னும் பின்னும் இழுத்து, நுண்ணிய கத்தியால் வெட்டித் தந்துவிடும். அக்கத்தி செல்லும் கோடு எங்கிருந்து வந்தது, அஃது யாருடைய உடைமை என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

கணினியில் உள்ள படங்கள் இருவகைப்படும். ஒளிப்படம் போன்றவை நிறப்புள்ளிகளின் கூட்டமே. அவற்றுள் கோடு என்று தனியே ஒன்று இல்லை. புள்ளிகளைச் சேர்த்து நம் கண்தான் கோடாகக் காண்கின்றது. கத்திக்கோ கண் இல்லை. எங்கே தொடங்கி, எவ்வழியாகச் சென்று, எங்கே முடிவது என்று அதற்கு எண்களால் சொல்லியாக வேண்டும். அவ்வாறு சொல்வதே வெட்டுக்கோப்பு. நேர்கோட்டிற்கு இரண்டு புள்ளிகள் போதும். வளைகோட்டிற்கு நான்கு வேண்டும்: இரண்டு கோட்டின் முனைகள், மற்ற இரண்டும் வெளியே நின்று கோட்டைத் தம்பால் ஈர்த்து வளைப்பவை. இந்த நாற்புள்ளிக் கணக்கு கைவினைக்காகப் பிறந்ததன்று. அது பிறந்த இடம் மோட்டார் வண்டித் தொழிற்சாலை என்றால் வியப்பாக இருக்கும்.

1958-இல் பிரான்ஸ் நாட்டுச் சித்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்ஜோ என்னும் இளங்கணித அறிஞர் பணியில் அமர்ந்தார். வண்டியின் உடல் வளைவுகளை எண்களால் இயங்கும் பொறிகளுக்கு எங்ஙனம் அறிவிப்பது என்பது அன்றைய சிக்கல். 1959-இல் அவர் அதற்கு வழி கண்டார். நிறுவனமோ அதனைத் தொழில் மறைபொருளாகப் பூட்டி வைத்துவிட்டது. போட்டி நிறுவனமாகிய ரெனோவில் பியேர் பெசியே என்ற பொறியாளர் 1960-களில் வேறொரு வழியாக அதே வளைவை அடைந்தார். அடைந்ததை எழுதி வெளியிட்டார். உலகம் அதற்குப் பெசியே வளைகோடு என்று பெயர் சூட்டிற்று. காஸ்தெல்ஜோவின் அறிக்கைகள் 1970-களில்தான் வெளியார் கண்ணுக்குத் தென்பட்டன. வளைவைக் கணிக்கும் முறையொன்று இன்று அவர் பெயரால் வழங்குகின்றது. கோட்டின் பெயர் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. முன்னே கண்டவர் அவர், பூட்டியவர் அவரல்லர். பின்னர் 1984-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி எழுத்துகளின் விளிம்பையும் இக்கோட்டாலேயே வரைந்தது. வண்டிக்கு வந்த வளைவு எழுத்துக்கு வந்த வரலாறு இதுவாகும்.

கோடு இவ்வாறிருக்க, கத்தியின் கதை வேறு. வியன்னாவில் 1924-இல் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1940-இல் அமெரிக்கா சேர்ந்தவர் ஜோசப் கெர்பர். மாணவராயிருந்தபோது தம் இரவு உடையின் இழுவை நாடாவைக் கொண்டே ஓர் அளவுகோலைச் செய்தார் என்பர். துணியை அடுக்கி வைத்துக் கணினியின் கட்டளைப்படி வெட்டும் பொறியை 1960-களின் இறுதியில் அவருடைய நிறுவனம் கொணர்ந்தது. 1983-இல் ஒட்டுத்தாளில் விளம்பர எழுத்துகளை வெட்டும் பொறியும் வந்தது. தூரிகையால் பெயர்ப்பலகை எழுதி வாழ்ந்தவர்களின் பிழைப்பில் அது கைவைத்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அதே பொறி சிறுத்து வீட்டிற்குள் நுழைந்தது இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் புரோவோ கிராஃப்ட் நிறுவனத்தின் க்ரிக்கட் பெரும்புகழ் பெற்றது. ஆயின் தொடக்கக் காலத்துக் க்ரிக்கட்டில் ஒரு தடை இருந்தது. வடிவங்கள் யாவும் கார்ட்ரிட்ஜ் எனப்படும் சிறு பெட்டிகளில் அடைத்து விற்கப்பட்டன. பூ வேண்டுமாயின் பூப்பெட்டி. எழுத்து வேண்டுமாயின் எழுத்துப்பெட்டி. பெட்டியில் இல்லாததை நிறுவனத்தின் வழியே வெட்ட இயலாது. பொறியை விலைகொடுத்து வாங்கியவர் தம் கையால் வரைந்த கோட்டை அதனிடம் கொடுக்க முடியவில்லை. ஆங்கிலமல்லாத எழுத்தை நாடியவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

இத்தடையைக் கடக்க ஷூர் கட்ஸ் எ லாட் போன்ற வெளியார் மென்பொருள்கள் எழுந்தன. கணினியிலுள்ள எந்த எழுத்துருவையும் அவை க்ரிக்கட்டுக்கு அனுப்பின. 2011-இல் புரோவோ கிராஃப்ட் அதனை ஆக்கிய நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. அம்மென்பொருளின் பிற்காலப் பதிப்புகள் க்ரிக்கட்டைக் கைவிட்டன. எனினும் வாங்குவோர் விருப்பத்தை வழக்கால் தடுக்க இயலுமோ? 2014-இல் வந்த க்ரிக்கட் எக்ஸ்ப்ளோர் பொறியோடு, சொந்தப் படத்தை ஏற்றும் வழியை நிறுவனமே திறந்துவிட்டது. 2021 மார்ச்சில் மீண்டும் ஒரு முயற்சி நடந்தது. மாதச் சந்தா கட்டாதவர் மாதத்திற்கு 20 படங்களுக்குமேல் ஏற்றலாகாது என்று அறிவித்தனர். உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பவே, அந்த மாதத்திற்குள்ளாகவே அத்திட்டத்தைக் கைவிட்டனர். வீட்டில் தாள் வெட்டுவோர் ஒன்றுகூடிப் பெருநிறுவனத்தைப் பின்வாங்கச் செய்த நிகழ்ச்சி இது. செய்தித்தாள்களில் இதற்கு இன்னும் பெரிய இடம் கிடைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அவர்கள் ஏற்ற விரும்பிய கோப்புகளுள் எஸ்.வி.ஜி. என்னும் வகை தலைமையானது. 1998-இல் கோட்டுப்படங்களுக்கு இணையத்தில் பொதுமொழி ஒன்று வேண்டுமென்று எழுந்தபோது, அடோபியும் துணைநின்றோரும் ஒரு திட்டத்தையும், மைக்ரோசாஃப்டும் துணைநின்றோரும் மற்றொன்றையும் முன்வைத்தனர். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இரண்டையும் தனித்து ஏற்காமல் புதிதாக ஒன்றை வகுத்து, 2001 செப்டம்பர் 4-ஆம் நாள் பரிந்துரையாக வெளியிட்டது. எஸ்.வி.ஜி. கோப்பு மறைகுறி அன்று. எழுத்தும் எண்ணுமாக எவரும் திறந்து படிக்கத்தக்க உரை. எதனாலும் எழுதலாம், எவர்க்கும் கட்டணம் இல்லை. மொழி பொதுவென்பதால் அதில் வரைந்த வடிவங்களும் பொதுவாகிவிடா என்பதையும் உடன் சொல்லவேண்டும். ஒருவர் உழைத்து வரைந்து விற்கும் மயிலை வாங்கி, மற்றொருவர் தம் பெயரில் விற்பது களவே.

இனித் தமிழெழுத்துக்கு வருவோம். சில எழுத்துருக்களில் உயிர்மெய்யின் உடலும் கொம்பும் விசிறியும் தனித்தனி உருவங்களாக அமைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அப்படியே அனுப்பினால் கத்தி இரண்டு விளிம்பையும் வெட்டி எழுத்தைத் துண்டாக்கும். முன்னரே அவற்றை ஒன்றாக இணைத்துவிடல் வேண்டும். புள்ளியின் தொல்லை இதனினும் பெரிது. ஏடெழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடாமலே விட்டனர். எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்று அஞ்சியே விட்டனர் எனப் பலர் கூறுவர். காரணம் எதுவாயினும், மெய்யா உயிர்மெய்யா என்பதை இடம் நோக்கியே படிக்கவேண்டியிருந்தது. வெட்டுக்கோப்பிலும் புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் தனி வட்டமாகவே நிற்கின்றது. தாளை விரிப்பிலிருந்து உரித்தவுடன் 'தமிழ்' என்பதன் புள்ளி மேசைக்கடியில் உருண்டோடிவிட, சுவரில் 'தமிழ' மட்டுமே நிற்கும். ஒட்டுத்தாளாயின் ஏற்றுநாடாவை மேலே பரப்பி எழுத்தையும் புள்ளியையும் இடம் மாறாமல் ஒருசேர எடுத்து ஒட்டலாம். வண்ணத்தாளாயின் கோப்பிலேயே எழுத்தின் பின்னே சற்று அகன்ற விளிம்புருவம் ஒன்றை வரைந்து, வேறு நிறத்தாளில் வெட்டிக்கொண்டு, அதன்மேல் எழுத்தையும் புள்ளியையும் பதிக்கலாம். புள்ளி நிற்கவேண்டிய இடத்தை அவ்விளிம்பே காட்டிவிடும்.