படித்த வரலாறு ஒன்று, ஆராய விரும்பும் வரலாறு வேறு



எம்.ஏ.வில் படித்த காலகட்டத்தை விட்டு வேறு காலகட்டத்தில் பிஎச்.டி. செய்யலாமா என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் சேர்க்கைக் குழு உங்கள் ஆர்வத்தை அளந்து பார்க்காது. அந்தக் காலத்து மூலங்களை உங்களால் படிக்க முடியுமா என்றுதான் பார்க்கும்.

பெனடிக்ட் ஆண்டர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜில் அவர் படித்தது லத்தீனும் கிரேக்கமும். 1958-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய் இந்தோனேசியாவை எடுத்தார். சேர்ந்தது அரசியல் துறை, எழுதியதோ 1944–46 ஜாவா புரட்சியின் வரலாறு. (துறைப் பெயர்ப்பலகைக்கு நாம் கொடுக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம்தான்!) இந்தோனேசிய மொழியையும் ஜாவா மொழியையும் கற்றுக்கொண்டு, அந்த மண்ணில் வருடக்கணக்கில் தங்கினார். 1965 ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி பற்றி அரசு சொன்ன கதையை மறுத்து எழுதியதில் பங்கு வகித்ததால், 1972-ல் அந்த நாட்டுக்குள் நுழையவே தடை. சுகார்த்தோ 1998-ல் வீழும் வரை தடை நீங்கவில்லை. அவர் சும்மா இருக்கவில்லை. தாய் மொழி கற்று, தாய்லாந்தை ஆராயத் தொடங்கினார்.

அப்படியானால் கேம்பிரிட்ஜ் படிப்பு வீணா? 1983-ல் வந்த அவருடைய 'கற்பிதச் சமூகங்கள்' நூலைப் பாருங்கள். புனித மொழியாக இருந்த லத்தீன் சரிந்து, அச்சேறிய வட்டார மொழிகள் எழுந்ததுதான் தேசிய உணர்வுக்கு வழிவிட்டது என்கிறது அதன் முக்கிய வாதம். பழைய படிப்பு அங்கே வந்து நிற்கிறது.

கேட்ட மூவரில் ஒருத்தி சுதந்திரப் போராட்டக் காலப் பத்திரிகைகளில் ஆய்வேடு எழுதியவள். இப்போது சோழர் காலம் வேண்டும் என்கிறாள். இரண்டு வருடம் போச்சே என்று வீட்டில் புலம்பல். அவளுக்கு இல்லாதது சோழர் காலத் தமிழ் எழுத்தும் கிரந்தமும். ஆறு மாதம் தினமும் உட்கார்ந்தால் அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு கல்லைப் படிக்கும் அளவுக்கு வந்துவிடலாம். தொல்லியல் துறையின் பட்டயப் படிப்பும் இருக்கிறது.

அவளிடம் இருப்பது, ஆங்கிலேயர் கால ஆவணங்களில் பழகிய கண். 1886-ல் மதராஸ் அரசு ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானியரைக் கல்வெட்டாய்வாளராக நியமித்தது. நாம் இன்று மேற்கோள் காட்டும் சோழர் கல்வெட்டுகளில் பெரும்பகுதி, அவர் காலத்திலிருந்து அரசு அலுவலகம் படியெடுத்து, வரிசை எண் போட்டு, அச்சிட்டவை. எந்தக் கோயிலுக்கு முதலில் போனார்கள், எதைச் சுருக்கமாகக் குறித்துவிட்டு நகர்ந்தார்கள் என்று அந்த ஆண்டறிக்கைகளைத் துருவத் தெரிந்தவர்கள் சோழர் ஆய்வில் அதிகம் இல்லை. விண்ணப்பத்தில் "சிறுவயது முதல் ராஜராஜன் மேல் பற்று" என்று எழுதுவதைவிட இதை எழுதச் சொன்னேன். மாதிரிக் கட்டுரைக்கும் ஒரே ஒரு கோயில் போதும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அடங்கிய இரண்டாம் தொகுதி என் அலமாரியில் இருக்கிறது. வேண்டுபவர்கள் வந்து வாங்கிப் போகலாம். போன தடவை வாங்கிப் போனவர் முதலில் திருப்பித் தரட்டும்.