எதை விற்பது? தொலைவிற்பனையில் பொருள் தேர்வின் வரலாறு

வேலையில் இருந்துகொண்டே இணையத்தில் ஏதேனும் விற்றுப் பார்க்க விரும்புவோர் முதலில் கேட்பது, எந்தப் பொருளை விற்றால் லாபம் என்பதே. இக்கேள்வி இணையத்தைவிட ஒரு நூற்றாண்டு மூத்தது. வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பாராமலும் விற்பவர் முகத்தைக் காணாமலும் பணம் கொடுக்கும் வணிகம் அஞ்சலும் ரயிலும் பரவிய 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. இதில் பெரும் பெயர் பெற்ற சிலர், தொடக்கத்தில் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டு ஓய்வு நேரத்தில் விற்றவர்கள். அவர்கள் பொருளைக் கண்டடைந்த விதத்தைப் பார்த்தால், அதிர்ஷ்டத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு என்பது தெரியும்.

ரயில் நிலையத்தில் கிடந்த கடிகாரங்கள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நார்த் ரெட்வுட் என்னும் சிற்றூர் ரயில் நிலையத்தில் முகவராக இருந்தவர் ரிச்சர்ட் சியர்ஸ். வேலைப்பளு குறைவு. அதனால் ஊராருக்கு மரமும் நிலக்கரியும் விற்றுச் சிறிது கூடுதல் வருவாய் பார்த்துவந்தார். 1886இல் சிகாகோவிலிருந்து ஒரு பெட்டிக் கடிகாரங்கள் அருகிலிருந்த நகைக்கடைக்காரர் ஒருவர் பெயருக்கு வந்தன. அவர் அவற்றை ஏற்க மறுத்துவிட்டார். கேட்காத சரக்கைக் கடைகளுக்கு அனுப்பிவைப்பதும், திரும்பினால் நிலைய முகவரிடமே விலை குறைத்துத் தள்ளிவிடப் பார்ப்பதும் அக்கால மொத்த வியாபாரிகளின் தந்திரங்களுள் ஒன்று. சியர்ஸ் அந்தக் கடிகாரங்களைத் தாமே வாங்கிக்கொண்டார். ஒன்று 12 டாலருக்கு வாங்கி 14 டாலருக்கு விற்றார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

யாருக்கு விற்றார் என்பதே கவனிக்க வேண்டிய செய்தி. அவர் ஊர் மக்களிடம் போகவில்லை. அதே ரயில் பாதையில் வேலை பார்த்த மற்ற நிலைய முகவர்களுக்கு விற்றார். அவர்கள் தங்கள் லாபத்தை வைத்து உள்ளூரில் விற்றுக்கொண்டார்கள். செய்தி அனுப்பத் தந்தியும் சரக்கு அனுப்ப ரயிலும் அவர் பணியிடத்திலேயே இருந்தன. வாங்கியவர்களும் ரயில்வே ஊழியர்களே என்பதால் பணம் வராமல் போகும் அச்சமும் குறைவு.

கடிகாரத்துக்கு அப்போது தேவை இருந்ததற்கும் காரணம் உண்டு. அதற்கு முன் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் நேரம் வேறுபட்டது. 1883 நவம்பர் 18 அன்று ரயில் நிறுவனங்கள் நாட்டை மண்டலங்களாகப் பிரித்துப் பொது நேரத்தை நடைமுறைப்படுத்தின. அதன் பிறகு வண்டியைப் பிடிக்கவும் சரக்கைச் சேர்க்கவும் சரியான நேரம் காட்டும் கடிகாரம் உழவருக்கும் தேவைப்பட்டது. அந்த மாற்றத்தை நாள்தோறும் கண்முன் கண்டவர் நிலைய முகவர். நிலக்கரியைவிடக் கடிகாரம் எத்தனை மடங்கு இலேசானது, எத்தனை மடங்கு விலை மிக்கது என்பதையும் சரக்குச் சீட்டு எழுதுபவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே ஆண்டு அவர் வேலையை விட்டு மினியாபோலிஸில் கடிகார நிறுவனம் தொடங்கினார். 1887இல் சிகாகோவுக்கு மாறி, பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் தேவை என்று விளம்பரம் செய்தார். வந்து சேர்ந்தவர் ஆல்வா ரோபக். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற சியர்ஸ் ரோபக் விலைப்பட்டியல் நிறுவனம் இவ்வாறு உருவானது. நூற்றுக்கணக்கான பக்கங்களில் எல்லாவற்றையும் விற்ற அந்நிறுவனம் ஒற்றைப் பொருளில் தொடங்கியதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் வி.பி.பி.

இந்திய அஞ்சல் துறை 1877இல் வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. பொருளைக் கையில் பெறும்போது தபால்காரரிடம் பணம் கொடுத்தால் போதும். விற்பவர் மீது நம்பிக்கை இல்லாதவரும் வாங்கத் துணிந்தார். தமிழ் இதழ்களின் பழைய விளம்பரங்களைப் புரட்டியவர்களுக்கு இம்மூன்றெழுத்து நன்கு பழகியது. புத்தகம், மருந்து, கடிகாரம் என, சிறு பொட்டலத்தில் அடங்கும் பொருள்களே இவ்வழியில் அதிகம் சென்றன.

இருபதில் ஒன்று

1994இல் நியூயார்க் நிதி நிறுவனமொன்றில் பணியாற்றிய ஜெஃப் பெசோஸ், இணையத்தில் விற்கத்தக்கவை என இருபது பொருள்களைப் பட்டியலிட்டு அதிலிருந்து புத்தகத்தைத் தேர்ந்தார். புத்தகப் பிரியம் அதற்குக் காரணமன்று. ஒரு நூலின் பிரதி எங்கு வாங்கினாலும் ஒன்றே. தரத்தைத் தொட்டறிய வேண்டியதில்லை. விற்பனையில் இருந்த நூல்கள் 30 லட்சத்துக்கும் மேல். எந்தக் கடையாலும் அத்தனையையும் அடுக்க முடியாது. பெரும்பாலான நூல்களை இரண்டு பெரிய விநியோகஸ்தர்களிடமே வாங்கிவிடலாம் என்பதால் சரக்கை முன்கூட்டிக் குவிக்கவும் வேண்டியதில்லை. ஒரு சிக்கல் மட்டும்: ஒரே முறையில் குறைந்தது பத்து நூல்கள் கேட்க வேண்டும் என்பது விதி. கேட்டால் போதும், பத்தும் வர வேண்டும் என்பதில்லை. ஆகவே வேண்டிய ஒரு நூலோடு, கையிருப்பில் இல்லாத, பாசிக்காளான் பற்றிய நூல் ஒன்றில் ஒன்பது பிரதிகள் கேட்டுச் சமாளித்ததாகப் பெசோஸே பின்னர் சொல்லியிருக்கிறார்.

1995 செப்டம்பரில் பியேர் ஒமிடியார் வேறொரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஓர் ஏலத் தளத்தைத் தொடங்கினார். பிற்கால ஈபே அதுவே. அவர் சோதனைக்காக இட்ட பழுதான லேசர் சுட்டி 14.83 டாலருக்கு விலைபோயிற்று. வருங்கால மனைவியின் மிட்டாய் டப்பிச் சேகரிப்புக்காகத் தளம் தொடங்கப்பட்டது என்ற கதை, செய்தியாளர்களைக் கவரப் புனையப்பட்டது. அங்கே பின்னர் பொம்மைகளுக்குப் பித்துப் பிடித்தது. அத்தள விற்பனையில் கணிசமான பங்கு பீனி பேபி என்ற சிறு துணிப் பொம்மைகள். தயாரிப்பாளர் சில வகைகளை நிறுத்தி நிறுத்தி அருமையை உண்டாக்கினார். அந்த மோகம் தணிந்தபோது, விலை இன்னும் ஏறுமென அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்தவர்களே மாட்டிக்கொண்டார்கள்.

எடையை மறந்தவர்களும் உண்டு. 1998இல் தொடங்கிய பெட்ஸ்.காம், நாய்த் தீனி மூட்டைகளை வாங்கிய விலைக்கும் குறைவாக விற்று, அனுப்பும் செலவையும் பெருமளவு தானே சுமந்தது. 2000 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்த நிறுவனம் அதே ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது.

2007இல் பெங்களூரில் சச்சின் பன்சால், பின்னி பன்சால் இருவரும் தொடங்கிய ஃபிளிப்கார்ட்டும் முதலில் விற்றது புத்தகமே. அட்டை எண்ணைத் தரத் தயங்கிய வாடிக்கையாளர்களுக்காக 2010இல் அது பொருளைப் பெற்றபின் பணம் செலுத்தும் வசதியைத் தந்தது. புதுமை எனப் பேசப்பட்ட அந்த வசதியை நம் ஊர்த் தபால்காரர் 1877 முதலே செய்துவந்தார்.