முகப்பு விளக்கின் மங்கலும் மீட்பும்: கள்ளக்குறிச்சிச் சாலைகளை முன்வைத்து

முகப்பு விளக்கு என்பது மோட்டார் வண்டியின் முன்புறத்தில் அமைந்து இரவில் சாலைக்கு ஒளி தரும் விளக்கு. பேச்சு வழக்கில் ஹெட்லைட் எனப்படுகிறது. பட்டறைகளில் அதன் வெளிக்கூட்டை டூம் என்பர். இன்றைய கார்களில் இக்கூட்டின் முன்மூடி கண்ணாடியால் ஆனதன்று. பாலிகார்பனேட் என்னும் நெகிழியால் ஆனது. ஆனாலும் அதைக் ‘கண்ணாடி’ என்றே சொல்லும் பழக்கம் நீடிக்கிறது. சில ஆண்டுகளில் இம்மூடி வெளுத்து, பின் மஞ்சளித்துப் போகிறது. அதைத் தேய்த்துத் தெளிய வைக்கும் வேலை இன்று ஊர்தோறும் நடக்கிறது. அம்பாசிடர் காலத்துப் பட்டறையில் இப்படி ஒரு வேலையே இருந்ததில்லை. அதற்கான காரணம் விளக்கின் வரலாற்றில் இருக்கிறது.

சாலையும் மலையும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கியது. சேலத்தையும் உளுந்தூர்ப்பேட்டையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை வழியாகச் செல்கிறது. பழைய எண் 68, இப்போது 79. இச்சாலை நான்கு வழியாக அகலப்படுத்தப்பட்டபோதும், ஊர்களைச் சுற்றிச் செல்லும் புறவழிப் பகுதிகள் நீண்ட காலம் இருவழியாகவே இருந்தன. நடுத்தடுப்போடு வந்த வண்டி, ஊர் நெருங்கியதும் திடீரென எதிர்வண்டியின் விளக்கை நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருந்தது. நேர்மோதல் விபத்துகளால் இப்பகுதிகள் பெயர் கெட்டன.

இதோடு கரும்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. அரவைக் காலத்தில் இரவு முழுதும் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் மெதுவாக நகரும். பாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கழிகளின் மேல் பின்னால் வருபவரின் ஒளி பட்டால்தான் உண்டு. பல வண்டிகளில் பின்விளக்கை எதிர்பார்க்க முடியாது.

மேற்கே கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இதன் வடபகுதியான சின்னக் கல்வராயன் சராசரியாகச் சுமார் 825 மீட்டர் உயரமும், தென்பகுதியான பெரிய கல்வராயன் சுமார் 1220 மீட்டர் உயரமும் கொண்டவை. 1976 வரை ஜாகிர் முறை நீடித்த இம்மலையில் மோட்டார் சாலை தாமதமாகவே வந்தது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மழைக்காலத்தில் மூடுபனியும் உண்டு. அங்கே இரவில் ஓட்டுநருக்குத் தெரிவது விளக்கு காட்டும் அளவு சாலை மட்டுமே.

கார்பைடு விளக்கு

தொடக்ககாலக் கார்களில் எண்ணெய் விளக்கும், பின்னர் அசிட்டிலீன் வாயு விளக்கும் இருந்தன. 1892இல் அமெரிக்காவில் தாமஸ் வில்சன் கால்சியம் கார்பைடைப் பெருமளவில் தயாரிக்கும் வழியைக் கண்டார். அக்கல்லின் மேல் சொட்டுச்சொட்டாக நீர் விழுந்தால் அசிட்டிலீன் வாயு வெளிப்படும். அதைப் பற்றவைத்தால் வெண்மையான சுடர் கிடைக்கும். மாங்காயைக் கள்ளத்தனமாகப் பழுக்க வைக்கத் தடையை மீறி இன்றும் சிலர் வைக்கும் அதே கார்பைடு கல்தான் இது. அன்று காரோட்டி ஒவ்வொரு மாலையும் கல்லை நிரப்பி, நீர் ஊற்றி, திறப்பை அளவாகத் திருகி விளக்கை ஏற்ற வேண்டும். கரி படிந்த கண்ணாடியையும் பித்தளைக் கூட்டையும் துடைப்பதும் அவர் வேலை.

1912இல் காடிலாக் கார் மின்கலத்தோடும் மின் விளக்கோடும் வெளிவந்தது. அதன்பின் வாயு விளக்கு மெல்ல மறைந்தது. மின்விளக்குக்குச் சுடரில்லை, கரியில்லை. ஆனால் உள்ளே தூசியும் ஈரமும் புகுந்து, வெள்ளிப்பூச்சுள்ள எதிரொளிப்பான் கறுத்துப்போகும். அதற்குத் தீர்வாக, கண்ணாடியையும் எதிரொளிப்பானையும் இழையையும் ஒரே கூடாக அடைத்த சீல்டு பீம் விளக்கு 1940ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் அமெரிக்காவில் வந்தது. 7 அங்குல வட்ட விளக்கு. ஒன்று கெட்டால் முழுதாகக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம்.

இந்த வட்ட முகம் இந்தியச் சாலைகளுக்கு நன்கு பழக்கமானது. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, மலையூர்களுக்கு ஆளும் அரிசி மூட்டையும் ஏற்றிச்சென்ற ஜீப் எல்லாமே வட்டக் கண்ணாடியோடு வந்தவை. 2014இல் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நின்றபோதும் அம்பாசிடரின் விளக்கு வட்டமாகவே இருந்தது. கண்ணாடி கல்லடி பட்டால் உடையும். ஆனால் வெயிலில் மஞ்சளாவதில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

நெகிழி வந்த கதை

1953இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல் பாலிகார்பனேட்டை உருவாக்கினார். ஏறத்தாழ அதே நேரத்தில் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் டேனியல் ஃபாக்ஸ் தனியாக அதையே கண்டடைந்தார். ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே பொருளைக் கண்டுபிடிப்பது அறிவியலில் அரிதன்று. கண்ணாடியில் பாதி எடை. சுத்தியலால் அடித்தாலும் எளிதில் உடையாது. எந்த வடிவத்திலும் வார்க்கலாம். கார் செய்பவருக்கு வேறென்ன வேண்டும்?

ஆயினும் அமெரிக்கச் சட்டம் சீல்டு பீம் விளக்கையே நெடுங்காலம் கட்டாயமாக்கியிருந்தது. 1983இல் விதி தளர்ந்ததும், 1984ஆம் ஆண்டு மாதிரி லிங்கன் மார்க் VII கார், காற்றைக் கிழிக்கும் சாய்வான முகத்தோடு வந்தது. அதன் பல்பை மட்டும் தனியே மாற்றலாம், முன்மூடி நெகிழி. பிற நாடுகளும் பின்தொடர்ந்தன. இந்தியாவில் 1990களின் இறுதியில் நிலைமை மாறியது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் மறைமலை நகரிலும் வெளிநாட்டு நிறுவனங்களின் கார் ஆலைகள் எழுந்தன. 2000க்குப் பின் வந்த கார்களில் நெகிழி முகமே பொதுவானது. அந்தக் கார்கள் கைமாறிக் கைமாறி, பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துச் சிற்றூர்களை அடைந்தபோது அவற்றின் கண்கள் புரை விழுந்திருந்தன.

மங்குவது எப்படி

பலர் நினைப்பதுபோல் இது அழுக்கு அன்று. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பாலிகார்பனேட்டின் மூலக்கூறு இணைப்புகளை அறுக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிசனும் சேர்ந்துகொள்ள, மஞ்சள் நிறமுள்ள புதுச் சேர்மங்கள் மேற்பரப்பில் உண்டாகின்றன. கூடவே கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் தோன்றி, தூசி தேய்த்துத் தேய்த்து மேற்பரப்பு சொரசொரப்பாகிறது. இதைத் தடுக்கத்தான் ஆலையிலேயே ஒரு கடினப் பூச்சு பூசி அனுப்புகிறார்கள். அதன் தடிமன் தலைமுடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அப்பூச்சு தேய்ந்து உரிகிறவரை விளக்கு தெளிவாக இருக்கும். உரிந்தபின் கெடுவது வேகமாக நடக்கும்.

கள்ளக்குறிச்சி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகைக்கும் குறைவான தொலைவில் இருப்பதால், ஆண்டு முழுதும் வெயில் உச்சியை ஒட்டியே நிற்கிறது. மலையில் குளிர்ச்சி இருப்பதால் விளக்கு தப்பும் என்று எண்ணத் தோன்றும். அது சரியன்று. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிரின் வலிமை சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. கெடுப்பது சூடு மட்டுமன்று, கதிர். ஒரே காரில் ஒரு பக்க விளக்கு மட்டும் கூடுதலாக மஞ்சளித்திருப்பதையும் காணலாம். நாள்தோறும் வண்டி நிற்கும் இடத்தில் வெயில் படும் பக்கம் அது.

மங்கிய மூடியால் தீங்கு இரண்டு. முன்னே போக வேண்டிய ஒளி குறைகிறது. மீதி ஒளி திசை தவறிச் சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்கிறது. 2018இல் அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன் நடத்திய சோதனையில், பழைய மங்கிய விளக்குகள் புதியவற்றின் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே தந்தன. தேய்த்துப் புதுப்பித்தபின் அது சுமார் 70 விழுக்காடு வரை மீண்டது. இந்நிலையில் ஒளி போதவில்லை என்று அதிக வாட் பல்பு மாட்டுவோர் பலர். அது கூசலைக் கூட்டுவதோடு, சூட்டால் மூடியையும் எதிரொளிப்பானையும் கெடுக்கும்.

மீட்கும் முறை

டிங்கர், பெயின்ட் பட்டறைகளில் செய்யப்படும் முறை எளியது, பொறுமைதான் வேண்டும். மூடியைக் கழுவி, சுற்றியுள்ள பெயின்ட் கெடாமல் மாஸ்கிங் டேப் ஒட்டுவர். பிறகு வாட்டர் பேப்பர் எனப்படும் உப்புத்தாளை நீரில் நனைத்து, 400 அல்லது 600 எண்ணில் தொடங்கி 1000, 2000, 3000 எனப் படிப்படியாக நுண்மையாக்கித் தேய்ப்பர். முதலில் மஞ்சள் நிறத்தில் பால் போன்ற நீர் வழியும். அது மீந்திருந்த பழைய பூச்சு. வெண்மையாக வழியத் தொடங்கும்வரை விடாமல் தேய்க்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் திட்டுத்திட்டாக நிற்கும். கடைசியில் ரப்பிங் காம்பவுண்டும் பஃபிங் சக்கரமும் கொண்டு பளபளப்பாக்குவர்.

பெரும்பாலான வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது, பிழையும் இங்கேதான். தேய்க்கும்போது ஆலைப் பூச்சு முழுதும் போய்விட்டது. இப்போது நெகிழி வெறும் உடம்போடு வெயிலில் நிற்கிறது. மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு பூசாவிட்டால் சில மாதங்களில் முன்னைவிட மோசமாகும். ஆல்கஹாலால் துடைத்து உலர்த்தி, அன்றே கிளியர் கோட்டோ கதிரில் இறுகும் பூச்சோ பூசுவதே முறை. பின்னதை வெயிலில் நிறுத்தியே இறுக வைக்கிறார்கள். கெடுத்த வெயிலே இங்கு கட்டவும் உதவுகிறது. ஒளிபுகும் படலத்தை ஒட்டுவது இன்னொரு வழி. எதுவாயினும் ஆலைப் பூச்சின் ஆயுள் இவற்றுக்கு வராது; ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் பார்க்க வேண்டும்.

பற்பசை கொண்டு தேய்ப்பது பரவலான கைவைத்தியம். அதிலுள்ள நுண்துகள் மேற்பரப்பைச் சிறிது மெருகேற்றும். காப்பு எதுவும் தராது. கொசு விரட்டித் தைலம் தடவினால் உடனே தெளிவதுபோலத் தெரிவது, அதிலுள்ள வேதிப்பொருள் நெகிழியைக் கரைப்பதால்தான். தின்னரும் பெட்ரோலும் விரிசலை உண்டாக்கும். கோப்பையில் திரவத்தைச் சூடாக்கி ஆவியடித்துத் தெளிய வைக்கும் முறையும் வந்துள்ளது. அதில் மேற்பரப்பு உருகிச் சமனாகிறது. அந்த ஆவியோ மூச்சுக்கு நஞ்சு. மூடிக்கு உட்புறம் நீர் கோத்திருந்தாலும், விரிசல் ஆழமாக இறங்கியிருந்தாலும் இவை எதுவும் உதவாது. டூமை மாற்றியாக வேண்டும்.

கறுப்புப் பொட்டு

எதிரே வருபவருக்குக் கண் கூசாமலிருக்க விளக்கின் நடுவே கறுப்புப் பெயின்ட் வைப்பதும் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதும் தமிழ்நாட்டில் நெடுநாளைய வழக்கம். போலீசாரும் போக்குவரத்துத் துறையினரும் சோதனையின்போது தாமே ஒட்டிவிடுவதுண்டு. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்து, எதிரிலிருப்பவர் கண்ணைக் கூசாதிருக்க வேண்டும் என்கின்றன. கண்ணாடி விளக்கில் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிடலாம். நெகிழியில் சுரண்டினால் கீறல், தின்னர் போட்டால் விரிசல். பழைய ஸ்டிக்கரை மெதுவாக உரித்தால் ஒன்று கவனிக்கலாம்: சுற்றிலும் மஞ்சளித்திருக்க, ஸ்டிக்கர் மறைத்திருந்த வட்டம் மட்டும் புதிதுபோலத் தெளிந்திருக்கும்.

சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனை முடித்து 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மஞ்சளித்த விளக்கோடு கார்கள் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் அந்தச் சோதனைக்கு முந்தைய வாரத்தில்தான்.