கோட்டா வேண்டாம் என்றவர்கள் கோட்டா கேட்ட கதை

1971 பிப்ரவரியில், பிரஸ்ஸல்ஸ் நகரில் ஐரோப்பிய வேளாண் அமைச்சர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்த அரங்குக்குள் மூன்று பசுக்கள் நுழைந்தன. ஓட்டி வந்தவர்கள் பெல்ஜிய விவசாயிகள். சிறு பண்ணைகளை ஒழித்துப் பெரிய பண்ணைகளாக்க வேண்டும், லட்சக்கணக்கானோர் விவசாயத்தை விட்டு வெளியேற வேண்டும், கறவை மாடுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்ன ஒரு திட்டத்தை எதிர்த்தே அவர்கள் வந்திருந்தார்கள். அதைத் தீட்டிய சிக்கோ மான்ஸ்ஹோல்ட் நெதர்லாந்துக்காரர். தானே விவசாயம் பார்த்தவர். அடுத்த மாதமே பல்லாயிரம் விவசாயிகள் அதே நகரில் திரண்டார்கள். கலவரத்தில் ஒருவர் உயிரிழந்தார். திட்டத்தின் பெரும்பகுதி கிடப்பில் போடப்பட்டது.

ஆனால் மான்ஸ்ஹோல்ட் சுட்டிக்காட்டிய சிக்கல் கிடப்பில் கிடக்கவில்லை. 1968 முதல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் பாலுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. விற்காத வெண்ணெயையும் கொழுப்பு நீக்கிய பால் பவுடரையும் அரசு நிறுவனங்கள் நிர்ணயித்த விலைக்கு வாங்கிக் கிடங்கில் அடுக்கின. எவ்வளவு கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வார்கள் என்றால் யார்தான் குறைவாகக் கறப்பார்கள்? எண்பதுகளின் நடுவில் கிடங்குகளில் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் வெண்ணெய் தேங்கியது. 'வெண்ணெய் மலை' என்று பத்திரிகைகள் கேலி செய்தன.

மலை அந்த உயரத்தை எட்டும் முன்பே, தேங்கியதில் ஒரு பகுதி சென்னைக்கும் வந்திருந்தது. 1970இல் இந்தியாவில் தொடங்கிய 'ஆபரேஷன் ஃபிளட்' திட்டத்துக்கு உலக உணவுத் திட்டத்தின் வழியாக ஐரோப்பா நன்கொடையாகத் தர ஒப்புக்கொண்டது 1,26,000 டன் பால் பவுடர், 42,000 டன் வெண்ணெய் எண்ணெய். பம்பாய், டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ் நகரங்களின் பால் பண்ணைகளில் அவற்றைக் கரைத்துப் பாலாக்கி விற்றார்கள். கிடைத்த பணம் கிராமக் கூட்டுறவுச் சங்கங்களைக் கட்ட முதலீடானது. இலவசப் பவுடரை அடிமாட்டு விலைக்கு நகரத்தில் கொட்டினால் உள்ளூர் உற்பத்தியாளர் அழிந்துபோவார் என்பதில் திட்டத்தை வழிநடத்திய வர்கீஸ் குரியன் கறாராக இருந்தார். அங்கே சுமையான பவுடர் இங்கே மூலதனமாக மாறியதற்கு அந்தக் கறார்தான் காரணம்.

அங்கே சுமை கூடிக்கொண்டே போனது. 1984 மார்ச்சில் ஐரோப்பியத் தலைவர்கள் கடைசியில் கடிவாளத்தைக் கையில் எடுத்தார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அளவு, ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் அளவு. அதற்கு மேல் ஊற்றினால் கூடுதல் பாலின் விலையையே விழுங்கிவிடும் அபராதம். பாலை நம்பிப் பொருளாதாரம் நடத்திய அயர்லாந்தின் பிரதமர் காரெட் ஃபிட்ஸ்ஜெரால்ட் பேச்சுவார்த்தையிலிருந்து எழுந்து வெளியேறினார். பிறகு தன் நாட்டுக்குச் சலுகை வாங்கிக்கொண்டே திரும்பினார். வேல்ஸ் விவசாயிகள் கொதித்துத் தெருவுக்கு வந்தார்கள். அரசே விரிவாக்கச் சொல்லி, வங்கியே கடன் கொடுத்து, புதுக் கொட்டகை கட்டி முடித்த ஆண்டில் 'இவ்வளவுதான் கறக்கலாம்' என்றால் கோபம் வராமல் இருக்குமா?

'கோட்டா' என்ற இந்த அளவுக் கட்டுப்பாடு முப்பத்தோரு ஆண்டு நீடித்தது. அது பொற்காலம் ஒன்றும் இல்லை. கோட்டாவையே வாங்கலாம், விற்கலாம், குத்தகைக்கு விடலாம் என்றானதும், மாட்டைத் தொடாமலே மாட்டால் வருமானம் பார்க்கும் ஒரு கூட்டம் உருவானது. தன் கோட்டாவைக் குத்தகைக்கு விட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களை ஜெர்மனியில் 'சோபாவில் கறப்பவர்கள்' என்று அழைத்தார்கள். இத்தாலி பல ஆண்டுகள் இந்த விதியைக் கண்டுகொள்ளவே இல்லை. அபராதம் ஒரேயடியாக வந்து விழுந்தபோது, 1997 தொடக்கத்தில் விவசாயிகள் மிலானின் லினாட்டே விமான நிலையத்தை டிராக்டர்களால் மறித்தார்கள். அங்கே வந்த எர்கொலினா என்ற பசு நாடறிந்த நட்சத்திரமாகிவிட்டது. சிறு பண்ணைகளையும் கோட்டா காப்பாற்றிவிடவில்லை. 1984இல் மேற்கு ஜெர்மனியில் மட்டும் மூன்றரை லட்சத்துக்கு மேல் இருந்த கறவைப் பண்ணைகள், கோட்டா முடிந்த 2015இல் ஒன்றுபட்ட ஜெர்மனி முழுவதிலும் சேர்த்து 80,000க்கும் குறைவு.

இத்தனைக்குப் பிறகும், கோட்டாவை எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது அதை எடுக்காதே என்று ஒரு பகுதி விவசாயிகள் கிளம்பினார்கள். ஏன்? விடை பால் வியாபாரத்தின் இயல்பிலேயே இருக்கிறது.

கோதுமையைக் களஞ்சியத்தில் வைத்துக் காத்திருக்கலாம். பால் காத்திருக்காது, டேங்கர் வரும் நாளில் ஊற்றியாக வேண்டும். ஐரோப்பாவில் பல பண்ணைகள் பாலை முதலில் கொடுத்துவிட்டு, என்ன விலை என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொள்ளும். கூட்டுறவு உறுப்பினரானால் மொத்தப் பாலையும் அங்கேயேதான் ஊற்ற வேண்டும். விலை விழுந்தால் மற்ற தொழில்களில் உற்பத்தி குறையும். இங்கே நேர்மாறு. கொட்டகைக் கடனுக்கும் கறவை இயந்திரக் கடனுக்கும் தவணை மாறாது. லிட்டருக்கு வருவது குறைந்தால் லிட்டர்களைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். எல்லோரும் அப்படியே செய்ய, விலை இன்னும் விழும். தனியொருவர் கறவையைக் குறைத்தால் நஷ்டம் அவருக்கு மட்டும்தான். எல்லோரும் ஒன்றாகக் குறைக்க வேண்டும். அதற்கு ஒரு விதி வேண்டும். ஜெர்மானிய கறவை மாட்டுப் பண்ணையாளர் சங்கமும், 2006இல் பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து அமைத்த ஐரோப்பியப் பால் வாரியமும் சொன்னது சுருக்கமாக இதைத்தான். இரண்டுக்கும் முகமாக இருந்தவர் பவேரியாவின் ஆல்காய் பகுதிப் பண்ணையாளர் ரோமுவால்ட் ஷாபர். பெரிய விவசாயச் சங்கங்களும் பால் நிறுவனங்களும் இந்த வாதத்தை ஏற்கவில்லை. உலகச் சந்தை காத்திருக்கிறது, கட்டை அவிழ்த்துவிடுங்கள் என்பது அவர்கள் பக்கம்.

2007இல் விலை உச்சத்துக்குப் போய், மறு ஆண்டே சரியத் தொடங்கியது. 2008 மே 27 அன்று ஜெர்மனியில் பால் வேலைநிறுத்தம் தொடங்கியது. கேட்டது கிலோவுக்கு 43 சென்ட். பத்து நாட்கள் பாலைக் கன்றுகளுக்கு ஊற்றினார்கள், ஊருக்குக் கொடுத்தார்கள், வயலில் கொட்டினார்கள். பால் ஆலைகளின் வாசலை டிராக்டரால் அடைத்தார்கள். லிடில் உள்ளிட்ட கடைச் சங்கிலிகள் விலையைக் கூட்டுவதாக அறிவிக்க, ஜூன் 5 அன்று போராட்டம் முடிந்தது. வென்றுவிட்டதாகத்தான் தோன்றியது. சில மாதங்களில் விலை பழையபடி இறங்கியது. போதாததற்கு, பாலைக் கொடுக்காதீர்கள் என்று சங்கம் அழைத்தது சட்டவிரோதப் புறக்கணிப்பு என்று ஜெர்மனியின் போட்டி ஆணையம் தீர்ப்பளித்தது. விலையைச் சொல்லிவைத்துக் கூட்டுச்சதி செய்யும் கம்பெனிகளுக்காக எழுதிய சட்டம், மாடு கறப்பவர்கள் மீது பாய்ந்தது.

2009 இன்னும் மோசம். பல இடங்களில் கொள்முதல் விலை 20 சென்ட்டை ஒட்டி வந்து நின்றது. மே மாதம் பண்ணைப் பெண்கள் பெர்லினில் பிரதமர் அலுவலகத்தின் முன் கூடாரம் போட்டார்கள். அவர்களில் சிலர் உண்ணாவிரதம் இருந்தார்கள். செப்டம்பரில் பெல்ஜியத்தின் சினே ஊரில் நூற்றுக்கணக்கான டிராக்டர்கள் வரிசைகட்டி, சுமார் 30 லட்சம் லிட்டர் பாலை ஒரே நாளில் வயலில் பீய்ச்சின. எரு தெளிக்கும் தொட்டிகளிலிருந்து பால் வெள்ளையாகச் சீறிய அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. உணவை வீணாக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் அன்றைய கணக்கில் அந்தப் பாலை விற்றிருந்தாலும் உற்பத்திச் செலவுக்குப் போதியிருக்காது.

பலன்? அக்டோபரில் 28 கோடி யூரோ நிவாரணம். பிறகு நிபுணர் குழு. 2012இல் உற்பத்தியாளர்கள் சேர்ந்து பேரம் பேசலாம் என்று அனுமதிக்கும் சட்டத் தொகுப்பு. ஆனால் அளவைக் கட்டுப்படுத்துவது என்ற மையக் கோரிக்கை மட்டும் யார் காதிலும் ஏறவில்லை. 2009 முதல் ஆண்டுக்கு ஒரு சதவீதம் கோட்டாவைக் கூட்டிக்கொண்டே போய்ப் பிறகு எடுத்துவிட்டால் யாருக்கும் அடிபடாது என்று ஐரோப்பிய வேளாண் ஆணையர் மரியான் ஃபிஷர் போல் முன்பே முடிவு செய்திருந்தார். அதை 'மெதுவான தரையிறக்கம்' என்றார்கள்.

2015 மார்ச் 31 அன்று கோட்டா முடிந்தது. அயர்லாந்து பால் உற்பத்தியை 50 சதவீதம் கூட்டும் கனவோடு காத்திருந்தது. முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே ரஷ்யா ஐரோப்பியப் பால் பொருட்களுக்குத் தடை போட்டிருந்தது. சீனாவும் வாங்குவதைக் குறைத்திருந்தது. பால் பெருகியது, வாங்க ஆள் இல்லை. 2016 நடுவில் ஐரோப்பிய சராசரி விலை 26 சென்ட்டுக்கும் கீழே போனது. பவுடர் மீண்டும் கிடங்குக்குள் நுழைந்தது.

அப்போதுதான் ஐரோப்பிய ஆணையம், ஏழெட்டு ஆண்டுகளாகச் சங்கத்தினர் சொல்லிவந்ததில் ஒரு துண்டைக் கையில் எடுத்தது. குறைத்துக் கறப்பவருக்கு, குறைத்த ஒவ்வொரு கிலோவுக்கும் 14 சென்ட். ஒதுக்கியது 15 கோடி யூரோ. பல்லாயிரம் பண்ணைகள் முன்வந்து, சில மாதங்களில் எட்டு லட்சம் டன்னுக்கும் மேல் குறைத்தன. விலை ஏறியது. அதற்குக் காரணம் இந்தத் திட்டம் மட்டும்தானா என்பதில் பொருளியலாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. விவசாயிகளுக்குச் சந்தேகமே இல்லை. கிடங்கில் தேங்கிய பவுடரை மறுபடி சந்தையில் கொட்டப் போகிறார்கள் என்றதும், 2017 ஜனவரியில் அவர்கள் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய அமைச்சரவைக் கட்டடத்தின் மீது பால் பவுடரை ஊதித் தள்ளினார்கள். குளிர்காலத்தில் நடந்ததால் புகைப்படங்களில் அது பனி போலவே தெரிகிறது.

பவுடரின் பயணம் இந்த முறை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு. கொழுப்பை எடுத்துவிட்டுப் பாமாயில் சேர்த்த மலிவான பவுடர் புர்கினா ஃபாசோ போன்ற நாடுகளின் கடைகளுக்குப் போய், உள்ளூர் மாடு வளர்ப்போரின் பாலை ஓரங்கட்டியது. அங்கே குரியன் போலக் கறார் காட்ட யாருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. கூடுதல் பாலைக் கறந்தவனுக்கும் லாபமில்லை, அது போய்ச் சேர்ந்த ஊரில் மாடு வைத்திருந்தவனுக்கும் லாபமில்லை. ஐரோப்பியச் சங்கத்தினர் 'ஃபேரோனிகா' என்ற வண்ணம் பூசிய பசுப் பொம்மையைச் சின்னமாக வைத்து, பண்ணையாளருக்கு உரிய பங்கு சேரும் 'நியாயப் பால்' விற்கத் தொடங்கியிருந்தார்கள்; பெல்ஜியத்தில் அதன் பெயர் ஃபேர்பெல். அதே முறையில் புர்கினா ஃபாசோ உற்பத்தியாளர்கள் 'ஃபேர்ஃபாசோ' என்ற பெயரில் தங்கள் பாலை விற்க அவர்கள் துணைநின்றார்கள்.

மான்ஸ்ஹோல்டின் நெதர்லாந்தில் கதை வேறு வாசல் வழியாக வந்தது. கோட்டா போனதும் அங்கே மாடுகள் பெருகின. மாட்டோடு சாணமும் பெருகியது. சாணத்தோடு வெளியாகும் பாஸ்பேட் அளவு ஐரோப்பிய வரம்பைத் தாண்டியது. 2017இல் பல்லாயிரம் பசுக்களைக் கழித்துக்கட்டினார்கள். 2018 ஜனவரி முதல் 'பாஸ்பேட் உரிமை' நடைமுறைக்கு வந்தது: ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் அளவு. மாட்டைக் கூட்ட விரும்புகிறவர் இன்னொருவரிடம் அந்த உரிமையைக் கிலோ கணக்கில் விலைகொடுத்து வாங்குகிறார்.