சாலை, நிலையம், அகம்

பழைய இலக்கண ஆசிரியர்கள் நூல் என்று சொன்னது கையில் எடுத்துப் புரட்டும் பொருளை அன்று. ஒருவர் கோத்து அமைத்த கருத்தின் கட்டுக்கு அது பெயர். நூற்ற இழையையும், மரத்தின் கோணலைத் தீர்க்கத் தச்சர் பிடிக்கும் கயிற்றையும் உவமையாக்கி நன்னூல் அந்தப் பெயருக்குக் காரணம் சொல்கிறது. கையில் எடுக்கும் பொருளுக்கு ஏடு, ஓலை, சுவடி என்று வேறு பெயர்கள் இருந்தன. நூல் அழியாமல் நிற்கலாம், சுவடி அப்படி நிற்காது. கறையானும் இராமபாணப் பூச்சியும் தின்றதெல்லாம் சுவடியைத்தான். ஆகவே சுவடிகளைச் சேர்த்து வைத்த இடத்தைத் தமிழர் எந்தெந்தப் பெயரால் அழைத்தார்கள் என்று பார்த்தால், அவற்றைக் காக்கும் வேலையைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதும் ஓரளவு தெரியவரும். செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரையிலான நிலத்தில் இந்தப் பெயர் வரலாற்றுக்கு நல்ல சான்றுகள் உண்டு.

கல்வெட்டுகளில் காணப்படும் பெயர் சரசுவதி பண்டாரம். சிதம்பரம் கோயிலில் இருந்த பண்டாரத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு குறிக்கிறது. பண்டாரம் என்றால் கருவூலம், பூட்டி வைக்கும் இடம். ஆனால் பெயரை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. சிதைந்த ஏடுகளைப் பார்த்துப் புதிதாக எழுதவும் அங்கே ஆட்கள் இருந்தார்கள். ஓலைக்கு ஆயுள் உண்டு. வசம்பு தூவினாலும் புல்தைலம் தடவினாலும் சில தலைமுறைக்குப் பிறகு பெயர்த்தெழுதித்தான் ஆகவேண்டும். எழுதுகிறவனுக்குச் சோறு போடாத பண்டாரத்தில் நாளடைவில் பூட்டு மட்டுமே மிஞ்சும்.

அந்தச் சோற்றுக் கணக்கைப் பெயரிலேயே வைத்திருந்த சொல் சாலை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காலம் பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதி. கோயிலைச் சார்ந்து நடந்த கல்வியிடத்தையும், மாணவர் உணவையும், வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கைகளோடு இயங்கிய ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையையும் அது விரிவாகச் சொல்கிறது. கட்டடத்தின் அழகைப் பற்றி அதில் பேச்சே இல்லை. மருத்துவருக்கு எவ்வளவு நெல், அறுவை செய்பவருக்கு எவ்வளவு, தண்ணீர் சுமப்பவருக்கு எவ்வளவு, இரவு விளக்குக்கு எவ்வளவு எண்ணெய், இருப்பில் எந்தெந்த மருந்து என்று கணக்காகவே நீள்கிறது. சாலை என்றால் நிவந்தத்தால், அதாவது அதற்கென ஒதுக்கிய வருவாயால், நடப்பது. நிவந்தம் நின்றால் சாலையும் இல்லை. பிற்காலத்தில் பாடசாலை, தருமசாலை, வைத்தியசாலை என்று வந்தவற்றிலும் இந்தப் பொருளே ஓடுகிறது. வாசகசாலை, புத்தகசாலை என்ற பெயர்களும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. யாழ்ப்பாணத்து ஊர்களில் வாசிகசாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. ஊரார் பணம் போட்டு நாளிதழ் வாங்கி நடத்துவதே அதன் இயல்பு.

தமிழ்நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெருவழக்காக இருந்தது நூல்நிலையம். உ.வே.சாமிநாதையர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்துக்கு வந்து தங்கினார். 1942 ஏப்ரல் 28 அன்று அங்கேயே காலமானார். அவர் சேர்த்த சுவடிகளைக் காக்க அடுத்த ஆண்டே சென்னையில் அமைந்ததற்குப் பெயர் நூல்நிலையம். தனித்தமிழுக்கு வித்திட்ட மறைமலையடிகள் பல்லாவரத்தில் தம் வீட்டில் வைத்திருந்ததும் மணிமொழி நூல்நிலையம்தான். நிலையம் வடமொழி நிலயத்திலிருந்து வந்ததா, நிலை என்ற தமிழ் வேரிலிருந்து வந்ததா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. முடிய வேண்டிய அவசரமும் இல்லை. கவனிக்க வேண்டியது வேறு: இவ்விரண்டும் தனி மனிதர் ஒருவர் வாழ்நாள் முழுக்கத் தேடிச் சேர்த்தவை. நிலைபெற வேண்டும் என்ற கவலை அந்தப் பெயரிலேயே தெரிகிறது.

பிறகு அகம் வந்தது. படிப்பகம், மருந்தகம், உணவகம், அருங்காட்சியகம் என்று வரிசையாக வந்த புதுச்சொற்களோடு நூலகமும் நிலைத்தது. சுருக்கமான, நல்ல சொல். ஆனால் அகம் என்றால் வீடு, உள்ளிடம். சாலையில் இருந்த செலவுக் கணக்கு அதில் இல்லை. நூலகம் என்றதும் கட்டடம்தான் கண்முன் நிற்கிறது. கட்டடத்துக்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. பத்தாண்டு கழித்துக் கூரை ஒழுகும்போது யார் பெயரும் பொறிக்கப்படுவதில்லை. என் வாதம் இதுதான்: சிற்றூர் நூலகத்தை நாம் அகமாகப் பார்க்கிறோம், அது உயிரோடு இருப்பதோ சாலையாக இருப்பதால்.

சொல் மாறியதால் பொருள் கெட்டது என்பது மொழி ஆர்வலரின் மிகை அல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, சான்றும் கேட்பவர் பக்கமே இருக்கிறது. நூலகம் என்ற சொல்லை ஊர்தோறும் கொண்டுசேர்த்த பொது நூலக அமைப்பே தமிழ்நாடு கண்ட மிகப்பெரிய சாலை. 1928இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கமும் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனும் நெடுங்காலம் வற்புறுத்திய பிறகு, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதல் சட்டம். அதன் உயிர்நாடி நூலக வரி. சொத்து வரியோடு சேர்த்து உள்ளாட்சி வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குத் தரவேண்டிய பணம் அது. முதலில் குறைவாக இருந்து, இப்போது ரூபாய்க்கு 10 காசு. செங்கல்பட்டில் வீட்டு வரி கட்டுகிறவர் ஒவ்வொருவரும் திருமுக்கூடல் கல்வெட்டில் வரும் நிவந்தக்காரரைப் போன்றவரே. ஆகவே சொல் பொருளைக் கெடுத்தது என்று நான் சொல்லவரவில்லை. பொருளின் ஒரு பாதியைச் சொல் மறைத்துவிட்டது என்கிறேன். வசூலான நூலக வரியை உள்ளாட்சிகள் ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் நிலுவை வைப்பது பழைய புகார். நிலுவையால் கட்டடம் இடிவதில்லை, அதனால் அது செய்தியாவதும் இல்லை. புது வரவும் புத்தகக் கட்டுவேலையும் பூச்சி மருந்தும் நாளிதழும்தான் குறைகின்றன.

மாமல்லபுரத்துக் கடற்கரையில் அந்தக் குறை சீக்கிரமே தெரிந்துவிடும். உப்புக் காற்றில் இரும்பு அலமாரி துருப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தாள் பூஞ்சை பிடிக்கும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கரை கடந்தது மாமல்லபுரத்தை ஒட்டித்தான். உள்நாட்டு ஊர் நூலகத்துக்குப் போதுமான பராமரிப்புப் பணம் இங்கே போதாது. சதுர அடி கணக்கில் கட்டடத்துக்கு ஒதுக்கும் மனம், ஈரத்துக்கும் உப்புக்கும் ஒதுக்கத் தயங்குகிறது.

இன்னொரு மறுப்பு: படிக்கிறவர்களே கைபேசிக்குப் போய்விட்டார்கள், இப்போது நூலகங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் தேர்வாணையத் தேர்வுக்குத் தங்கள் புத்தகத்தோடு வருகிறவர்கள், இதற்கு எதற்கு நூலகம்? வருகிறவர்களைப் பற்றிய தகவல் பெரும்பாலும் சரி, முடிவு தவறு. அந்த இளைஞர்களுக்கு வேண்டியது நாற்காலி, மின்விசிறி, வெளிச்சம், குடிநீர், பெண்களும் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறை, மாலை நேரத்திலும் திறந்திருக்கும் கதவு. ஓரறை வீட்டில் இவை கிடைப்பதில்லை. நூல் என்ற முதற்சொல் சற்றுப் பின்வாங்கினாலும் சாலை தன் வேலையைச் செய்கிறது. அவர்களில் சிலர் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு அலமாரிப் பக்கம் போகவும் கூடும்; அங்கே புதிதாக ஏதாவது இருந்தால்.

செங்கல்பட்டு 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. புது மாவட்டத்துக்குப் பெரிய நூலகம் வேண்டும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அதோடு ஊராட்சி வாரியாக எவ்வளவு நூலக வரி வசூலானது, அதில் எவ்வளவு ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது என்ற பட்டியலையும் ஒவ்வொரு கிளை நூலகத்தின் வாசலில் ஆண்டுதோறும் ஒட்டச் சொல்லிக் கேட்கலாம்.